சேருவது யார் விருப்பம்?

மத நிறுவனங்களைப் பற்றிச் சமூகவியல் படிக்கிற மாணவருக்கு முதலில் சொல்லித்தருவது மாக்ஸ் வேபரும் எர்ன்ஸ்ட் ட்ரோல்ச்சும் வகுத்த பாகுபாட்டை. ட்ரோல்ச்சின் பெருநூல் 1912இல் வந்தது. திருச்சபை என்பது மனிதர் பிறந்து விழுகிற இடம்; இருக்கிற சமூகத்தோடு சமரசமாகப் போகும். குறுங்குழு என்பது விரும்பிச் சேருகிற இடம். சமூகத்தோடு முரண்டு பிடிக்கும். தலைவர் போனபின் குழு கரையும், அல்லது தானும் ஒரு சபையாக இறுகும். புதிய மத இயக்கங்களைப் பற்றிப் பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் இதே அச்சைத் தட்டிக்கொட்டிப் பயன்படுத்தியவைதாம்.

சரி, இந்த அச்சைச் சேரிக்குள்ள கொண்டாந்து வச்சா என்ன ஆகுது?

1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். திரும்பிவந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டைத் தொடங்கினார். கோலார் தங்கவயல், பெங்களூர், ரங்கூன் என்று ஒடுக்கப்பட்ட தமிழர் பிழைக்கப்போன ஊர்களில் சங்கம் வேர்விட்டது. 1914இல் பண்டிதர் மறைந்தார். தங்கவயலில் பணி தொடர்ந்தது. ஆனால் பெருமதமாக அது இறுகவில்லை. அச்சில் போட்டால் இது 'தோற்றுப்போன குறுங்குழு'.

இந்தத் தீர்ப்பை நாம் ஏற்க வேண்டியதில்லை. மடங்கள் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்தது கொள்கையின் வலுவால் மட்டுமா? அவற்றுக்கு மானிய நிலம் இருந்தது, குத்தகை நெல் வந்தது. அந்த வயலில் கூலிக்கு இறங்கியவர்களில் நம் பாட்டன் பாட்டிகளும் உண்டு. சுரங்கத்துக்குள் இறங்கியவன் கூலியில் பிடித்துக்கொடுத்த காசில் நடந்த சங்கத்தை மடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி ஆயுசை அளப்பது என்ன நியாயம்?

'விரும்பிச் சேருதல்' என்பதிலும் கோளாறு இருக்கிறது. பட்டியல் சாதிகள் பற்றிய 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருப்பவரையே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 14இல் நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவியவர்கள் இந்த மையப் பட்டியலுக்குள் வர 1990 வரை, 34 வருஷம், காத்திருக்க வேண்டியிருந்தது. மதம் மாறினவனை ஊர் பழைய சாதிப் பேராலேயே கூப்பிட்டது. அரசோ, நீ அந்தச் சாதி இல்லை என்றது. இதில் விருப்பம் எங்கே, பிறப்பு எங்கே?

திருச்சபையும் இங்கே வேறு மாதிரிதான். 19ஆம் நூற்றாண்டில் வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கு ஒரு கூடம், நாடாருக்கு ஒரு கூடம், நடுவில் சுவர் என்று கோயிலையே கட்டினார்கள். தலித் கிறிஸ்தவரின் பிணத்துக்குக் கல்லறையில்கூடத் தனி மூலை ஒதுக்கிய பங்குகள் உண்டு. சபைக்கும் குழுவுக்கும் அடியில், யாரும் விண்ணப்பம் போட்டுச் சேராத, யாரும் விலகிப் போகவும் முடியாத நிறுவனமாகச் சாதி கிடக்கிறது. ட்ரோல்ச்சின் வரிசையில் அதற்கு இடமில்லை.

ஆய்வு செய்யப்போகும் தோழர்கள் கோட்பாட்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு இயக்கம் எதை நம்பியது என்று கேட்பதற்கு முன்னால் மூணு கேள்வி கேளுங்கள்: நிலம் யார் பேரில்? பிணம் எங்கே புதைபடுகிறது? மாறியதற்கு விலை கொடுத்தது யார்?