மூலைமட்டம்

ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னை வரச் சொல்லியிருந்தார். தகப்பனாருடைய பழைய தகரப் பெட்டியைத் திறந்ததில் ஒரு வெள்ளிப் பதக்கம் அகப்பட்டதாம். ஏதோ ரகசியக் கூட்டத்தாருடையது போலிருக்கிறதே, வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று அவர் மனைவிக்குப் பயம்.

பார்த்தேன். சிறிய மூலைமட்டம் ஒன்று; அதன் கீழே தொங்கும் தகட்டில் ஒரு முக்கோணம், அதன் மூன்று பக்கங்களிலும் மூன்று சதுரங்கள். ஃப்ரீமேசன் சங்கத்தில் தலைவராக இருந்து இறங்கியவர் அணியும் பதக்கம் அது.

"இது பிதாகரஸ் தேற்றம் அல்லவா, தாத்தா?" என்றான் ஒன்பதாவது படிக்கும் பேரன். பாதிப் பயம் அப்போதே போய்விட்டது.

கல்தச்சர்களின் கருவிகளை நல்லொழுக்கத்துக்கு உவமையாக எடுத்துக்கொண்ட சங்கம் அது. லண்டனில் 1717-இல் முதல் பெருஞ்சங்கம் அமைந்தது. இந்தியாவுக்கென்று தனிப் பெருஞ்சங்கம் 1961-இல் ஏற்பட்டது. சென்னையில் எழும்பூரில் அவர்களுடைய மண்டபம் இருக்கிறது. தலைவர் கழுத்தில் மூலைமட்டம். நடத்தை கோணாமல் இருக்க வேண்டும் என்பது பொருள். அடுத்தவருக்கு மட்டம், அது சமத்துவம். மூன்றாமவருக்குத் தூக்குக்குண்டு; அது நேர்மை. காரியதரிசிக்கு இரண்டு இறகுப் பேனாக்கள், பொக்கிஷதாரருக்குச் சாவி, வாசல் காப்பவருக்கு வாள்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. இவற்றில் பேனாவும் சாவியும் வெறும் விலாசம்; இன்னார் இன்ன வேலை பார்க்கிறார் என்று சொல்வதோடு அவற்றின் கடமை தீர்ந்தது. ஒரகடம் பஸ்ஸுக்குக் காலையில் காத்து நிற்கும் பிள்ளைகள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை செய்வதும் அதுதான். மூலைமட்டமும் தூக்குக்குண்டும் அப்படியல்ல. அவை அணிந்தவரையே அளந்து பார்க்கின்றன. நல்ல சின்னத்துக்கு அதுவே லட்சணம். கிரீடம் போட்டவனைக் கிரீடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

அளக்கும் கருவியை அணிந்துகொண்டால், அளக்கப்படவும் சம்மதிக்க வேண்டும். அங்கேதான் எனக்கு மனக்குறை. சமத்துவத்துக்கு மட்டத்தைச் சின்னமாக வைத்துக்கொண்ட அந்தப் பெருஞ்சங்கத்தின் கிளைகளில் பெண்களைச் சேர்ப்பதில்லை. சின்னத்தில் பிழையில்லை, அதை வைத்து அளந்தால் கட்டடம்தான் சாய்ந்திருக்கிறது.

கிப்ளிங் இந்த விஷயத்தை நன்றாக அறிந்தவர். 1886-இல் லாகூரில் சங்கத்தில் சேர்ந்தவர் அவர். 1888-இல் வெளிவந்த 'ராஜாவாக விரும்பிய மனிதன்' கதையில், மலைநாட்டுக்குப் போன ஒரு வெள்ளைக்காரனின் மேலங்கியில் இருந்த தலைவர் சின்னமும், அங்குள்ள பூசாரிகளின் கல்லுக்கு அடியில் மறைந்திருந்த சின்னமும் ஒன்றாக இருக்கின்றன. உடனே அவன் தெய்வமாகிவிடுகிறான். பிறகு கல்யாணப் பெண் அவனைக் கடிக்கிறாள், ரத்தம் வருகிறது, தெய்வம் மனிதனாகிவிடுகிறது. ஒழுங்காக நட என்று சொல்ல வந்த சின்னத்தை, என்னைக் கும்பிடு என்று சொல்ல வைத்தான் அவன். அந்தக் கதையின் நீதி எனக்கு இதுவாகவே தோன்றுகிறது.

நண்பர் வீட்டுக் கொல்லையில், தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட அறைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலை பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி, குறுக்கே ஐந்தடி. நூலின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் ஒரு சித்தாள். பதக்கத்தில் இருந்த அதே தேற்றத்தை இருவரும் மண்ணில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேரன் அதைக் கண்டுகொண்டு பதக்கத்தை ஓடிப்போய்க் காட்டினான்.

கொத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். தம்முடைய இரும்பு மூலைமட்டத்துக்குள் அதைப் பொருத்திப் பார்த்தார்.

"வேலைக்கு ஆகாதுங்க, சின்னது. ஆனா மூலை சரியாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

நண்பரின் மனைவி அதை வாங்கி, பூஜை அலமாரியில் வைக்கப் போனவர், ஒரு கணம் யோசித்து, பேரனுடைய ஜியோமிதிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அந்த இடத்தைத்தான் சொல்லியிருப்பேன்.