எக்காலம் என்னும் ஏக்கமும் இக்கணம் என்னும் நிறைவும்

தமிழ் இஸ்லாமிய மெய்ஞ்ஞானப் பாடல்களுள் குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களின் பாடல்களுக்குத் தனியிடம் உண்டு. 1792இல் தொண்டிக்கு அண்மையிலுள்ள குணங்குடியில் பிறந்து 1838இல் சென்னையில் மறைந்த அப்பெருமகனாரின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர் என்பதாகும். அவர்தம் பாடல்களைப் பயில்வோரிடம் ஓர் ஐயம் எழுவதுண்டு. எக்காலக்கண்ணி முழுவதும் அவர் 'எக்காலம்' என்றே ஏங்குகிறார். வரவிருக்கும் பேற்றை எண்ணி ஓயாது புலம்பும் ஒருவரை, இக்கணத்தில் நிறைவு கண்ட ஞானியென எங்ஙனம் கொள்வது? இவ்வினாவை ஆராய்வதே நம் நோக்கம்.

எக்காலம் என முடியும் கண்ணிகள் தமிழுக்குப் புதியன அல்ல. பத்திரகிரியாரின் மெய்ஞ்ஞானப் புலம்பல் அவ்வாறு முடிவதே. தாயுமானவரின் எந்நாட்கண்ணியும் அதற்கு நெருங்கிய உறவுடையது. மஸ்தான் சாகிபு இம்மரபை அறிந்தே கையாண்டார். ஆயினும் காதிரிய்யா வழியில் தீட்சை பெற்றவரின் நாவில் அவ்வடிவம் வேறொரு பணியையும் ஏற்கிறது. கண்ணி என்பது இரண்டடி. ஒவ்வொன்றும் தன்னளவில் நிறைவுறுவது. ஈற்றில் அதே சொல் மீண்டும் வருகிறது. திக்ரு மஜ்லிஸில் அமர்ந்து பழகியோர் இதன் பயனை எளிதில் உணர்வர். சிதறிப்போன மனத்தை அவ்வீற்றுச்சொல் மீட்டுக் கொணர்கிறது. எனவே 'எக்காலம்' என்பது எதிர்காலத்தை வினவும் சொல்லாயினும், வினவுகின்ற உள்ளத்தை இப்பொழுதிலேயே நிறுத்துகிறது. நாளை தவ்பா செய்வோம் என்பவன்தான் காலத்தைத் தள்ளிப்போடுகிறான். ஏங்கி நிற்பவன் தன் ஏக்கத்தை இன்றே இறைவன் முன் வைத்துவிடுகிறான்.

கி.பி. 1072இல் மறைந்த இமாம் குஷைரி (ரஹ்) அவர்கள் தமது ரிஸாலாவில் 'வக்து' என்னும் சொல்லை விளக்குமிடம் இங்கு நோக்கத்தக்கது. சூஃபியைத் தன் நேரத்தின் மைந்தன் எனக் கூறும் வழக்கை அவர் எடுத்துக்காட்டுகிறார். அந்நேரத்தில் தன்மீது எது முதற்கடமையோ அதில் ஈடுபட்டிருப்பவன் என்பதே அதன் கருத்து. எக்கார்ட் டோலேயின் நூல் 1997இல் வெளிவந்தது முதல், நிகழ்கணத்தில் வாழ்தல் பற்றிய பேச்சு உலகெங்கும் பரவியுள்ளது. கழிந்ததும் வருவதும் பற்றிய எண்ணச்சுழலே துன்பம் தருகிறது என்னும் அதன் செய்தியில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அக்கருத்து கடைத்தெருவுக்கு வரும்போது, கவலையை மறந்து இன்றைய இன்பத்தைத் துய்ப்பது என்று சுருங்கிவிடுகிறது. சூஃபி மரபிலோ நேரம் நம்மிடம் ஒன்றைக் கேட்கிறது. அதனைக் கொடுத்தபின் வருவதே உள்ளத்தின் அமைதி.

அவ்வாறாயின், எது முதற்கடமை என்பதை யார் சொல்வது? நஃப்ஸ் தனக்கு இனியதையே கடமையென்று காட்டும். வழிகாட்டியின் தேவை இவ்விடத்தில்தான் எழுகிறது. மஸ்தான் சாகிபு கீழக்கரை தைக்கா சாகிபு அவர்களிடம் பயின்றார். 1813இல் திருச்சிராப்பள்ளி ஷாம் சாகிபு அவர்களிடம் தீட்சை பெற்றார். அதன் பின்னரே திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் கல்வத் இருந்தார் என அவர் வரலாறு கூறும். பேரையூரிலிருந்து திருமங்கலம் வழியாக மதுரைக்குச் செல்லும் நம் பகுதியினர் நாளும் காணும் மலை அது. தனிமைக்கு முன் ஆசிரியர் என்னும் இவ்வரிசை கருதத்தக்கது. பக்தாதில் 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களை முன்னிலைப்படுத்தி முகியித்தீன் சதகம் பாடியவரும், உயிரோடிருந்த ஆசிரியரின் முன் மாணவராக அமர்ந்தார்.

இப்பாடல்களைப் பயில்வோர் இரண்டைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். ஒன்று, அச்சில் விரைந்து படிப்போருக்குக் கண்ணிகள் கூறியது கூறலாகத் தோன்றிச் சலிப்புத் தரலாம். அவை நாவால் ஓதி நெஞ்சால் கேட்கப்பட வேண்டியவை. மற்றொன்று, மஸ்தான் சாகிபு இல்லறம் துறந்தவர். குடும்பமும் கடையும் கழனியும் உடைய நாம் அவர்தம் துறவை அப்படியே பின்பற்றல் இயலாது. மார்க்கம் அதனை நம்மிடம் கேட்கவும் இல்லை. கூட்டத்தினூடே தனிமை என்னும் நக்ஷபந்திய்யா நெறி நமக்குப் பொருந்துவது. தராசைப் பிடிக்கும் கணத்தில் அளவை நேர்மையும், தாய் அழைக்கும் கணத்தில் செவிசாய்த்தலும் நம் வக்தின் கடமைகளாம்.

போலி வழிகாட்டிகள் மலிந்துள்ள இக்காலத்தில் உண்மை ஷைகை அறியும் அளவுகோலும் இதிலேயே அடங்கியுள்ளது. அவருடைய தோழமையால் நம் தொழுகை நேரத்திற்கு வருகிறதா, கடன் தீர்கிறதா, கோபம் தணிகிறதா என நோக்குதல் வேண்டும். தம்மையே இலக்காக்கி முரீதின் பார்வையைத் தம்மிடமே நிறுத்துபவர் வழிகாட்டி ஆகார்.

திருத்தணிகை சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடிப் போற்றிய ஞானியை, நம் அரபுக் கல்லூரிகள் இன்றும் தமிழ்ப் புலவர் என்ற அளவிலேயே விட்டுவைத்துள்ளன. ரிஸாலாவில் வக்து பற்றிய பகுதியைக் கற்பிக்கும் நாளில் எக்காலக்கண்ணியையும் உடன்வைத்து ஓதச் செய்தல் வேண்டும். அரபியில் இலக்கணமாகக் கற்றதை மாணவர் தம் தாய்மொழியில் அனுபவமாகக் காண்பர்.