விலையில்லாப் புத்தகமும் திறந்த புத்தகமும்

இலவசம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மக்களுக்கு ஒரு மகிழ்ச்சியும் கூடவே ஒரு சந்தேகமும் உண்டாவது இயல்பு. தோட்டத்தில் இலவசமாக வந்தது எதுவாயினும், அதன் விலை வேறொரு ஏட்டில் பற்று எழுதப்பட்டிருக்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் நாம். ஆதலின், மேல்நாட்டுச் சர்வகலாசாலைகளும் பிரசுராலயங்களும் 'திறந்த நூல்' என்ற பெயரால் ஆராய்ச்சிப் புத்தகங்களை இணையத்தில் விலையின்றி வெளியிடும் இக்காலத்தில், அம்முயற்சியைப் புகழ்வதற்கு முன் அதன் கணக்கைப் பார்ப்பது நமது கடமையாகும்.

ஆராய்ச்சிப் புத்தகத்திற்கும் ரெம்பாவ், பகாவ் தோட்டங்களில் இருப்பவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் மிக உண்டு. மலாயாத் தமிழரைப் பற்றிய பெரிய ஆராய்ச்சிகள் நம்மையே பொருளாகக் கொண்டவை. ரவீந்திர ஜெயின் என்பார் தோட்டத்திலேயே தங்கி, தொழிலாளர் வாழ்க்கையை நேரிற் கண்டு எழுதிய நூலை யேல் சர்வகலாசாலை 1970-இல் வெளியிட்டது. மலாயா சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த யாழ்ப்பாணத்துத் தமிழர் சின்னப்பா அரசரத்தினம் மலேசிய, சிங்கப்பூர் இந்தியரைப் பற்றி எழுதிய நூலும் அதே ஆண்டில் வந்தது. இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. பால் வெட்டிய கைக்கும் அந்தப் பாலால் உருண்ட மோட்டார் வண்டிக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் இத்தகைய நூல்களுக்கும் அவற்றில் எழுதப்பட்ட மக்களுக்கும் இடையே இருந்துவருகிறது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. 1950-களில் மலாயா சர்வகலாசாலையின் இந்தியப் பகுதியில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று கிளர்ச்சி எழுந்தபோது, கோ. சாரங்கபாணி அவர்கள் தொடங்கிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளியாகக் கொடுத்தவர்களில் தொழிலாளிகள் பலர். தாம் நுழைய முடியாத நூல்நிலையத்திற்குப் புத்தகம் வாங்கக் கூலிப் பணத்தைக் கொடுத்த மக்கள் அவர்கள். அறிவு பொதுச் சொத்து என்பதை அவர்களுக்கு ஒருவரும் போதிக்கவேண்டியதில்லை.

நிற்க, திறந்த நூல் வெளியிடுவோர் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பெரும் பிழையாகும். படிப்பவனிடம் விலை வாங்குவதில்லை என்ற ஒன்றைத் தவிர, அவர்களுக்குள் ஒற்றுமை குறைவு. அவர்களைப் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும்: செலவு யாருடையது? உரிமை எவ்வளவு? எந்த உருவத்தில் கிடைக்கிறது?

முதலிற் செலவு. பெரிய வணிகப் பிரசுராலயங்கள் வாசகனிடம் வாங்காத பணத்தை நூலாசிரியரிடம் வாங்குகின்றன. ஒரு முழு நூலைத் திறந்து வெளியிட அவை கேட்கும் தொகை பதினாயிரம் பவுனை எட்டுவதும் தாண்டுவதும் உண்டு. செல்வமுள்ள சர்வகலாசாலையின் ஆசிரியருக்கு அச்சாலை அதைக் கட்டிவிடும். தமிழ்ப் பள்ளி ஆசிரியராயிருந்துகொண்டு பத்தாண்டு உழைத்துத் தம் தோட்டத்தின் வரலாற்றை எழுதியவருக்கு யார் கட்டுவார்? படிப்பவனுக்குத் திறந்த கதவு எழுதுபவனுக்கு மூடிக்கொள்கிறது. இம்முறையில் ஏழை நாட்டார் என்றும் படிப்பவராகவே இருப்பர், எழுதுபவராக ஆகமாட்டார். இதனை அறிவுப் பொதுவுடைமை என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

இதற்கு மாறாக நடப்பவரும் இருக்கின்றனர். 2008-இல் கேம்பிரிட்ஜ் நகரில் அறிஞர் சிலர் தொடங்கிய 'ஓபன் புக் பப்ளிஷர்ஸ்' நூலாசிரியர் பணம் கட்டியே தீரவேண்டும் என்று சொல்வதில்லை. நூல்நிலையங்களின் சந்தாவும் அச்சுப் பிரதியின் விற்பனையும் அதைத் தாங்குகின்றன. பெர்லினிலுள்ள 'லாங்வேஜ் சயன்ஸ் பிரஸ்' மொழியியல் நூல்களை ஆசிரியரிடம் கட்டணமின்றி வெளியிடுகிறது. அச்சுப் பிழை திருத்துவதும் அத்துறை அறிஞர்கள் மனமுவந்து செய்யும் தொண்டே. லண்டனில் 2015-இல் புத்துருப் பெற்ற 'யூ.சி.எல். பிரஸ்' தன் சர்வகலாசாலையின் பணத்திலேயே நடக்கிறது. சென்னைக்கு அருகே இணையத்தின் புதுப்பழக்கங்கள் எவ்வாறு புகுந்தன என்று ஸ்ரீராம் வெங்கட்ராமன் எழுதிய ஆராய்ச்சி 2017-இல் அங்கிருந்து வெளிவந்து, எவரும் எடுத்துப் படிக்கக் கிடைக்கிறது.

நூல்நிலையங்கள் கூடிப் பணம் போட்டு நூலை உலகுக்குத் திறந்துவிடும் முறையும் உண்டு. 'நாலெட்ஜ் அன்லாட்ச்ட்' என்ற அமைப்பின் முதற் சோதனையில் 24 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 300 நூல்நிலையங்கள் சேர்ந்து 28 நூல்களைத் திறந்தன. முறை மிக நல்லது. ஆனால் 2021-இல் அவ்வமைப்பையே வைலி என்னும் வணிகப் பிரசுராலயம் விலைக்கு வாங்கிவிட்டது. ஊரார் கூடி வெட்டிய கிணற்றுக்குத் தனியொருவர் சொந்தக்காரரானால், தண்ணீர் இன்று இலவசமாயினும் நாளைக்கு என்ன உறுதி? செலவு யாருடையது என்பதோடு, நிர்வாகம் யாருடையது என்பதையும் கேட்டே ஆகவேண்டும்.

இம்முறையைத் தமிழர் மேல்நாட்டாரிடம் கற்கவேண்டியதில்லை என்பதையும் இங்கே குறிப்பிடுகிறோம். பாரதியார் நூல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் 1949-இல் பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதன் பின் எத்தனையோ ஆசிரியர்களின் நூல்கள், குடும்பத்தார்க்குத் தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கப்பட்டன. பொதுப்பணம் ஒருமுறை கொடுக்கப்பட்டது. நூல் எக்காலத்துக்கும் பொதுவாயிற்று. மலிவுப் பதிப்பில் பாரதியார் வீடுதோறும் புகுந்தது இதனாலன்றோ?

இனி உரிமை. நம்மவர் அதிகம் கவனிக்காததும், நமக்கு மிகவும் முக்கியமானதும் இதுவே. திறந்த நூல்கள் பெரும்பாலும் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்னும் உரிமைச் சீட்டுகளுள் ஒன்றைத் தாங்கி வருகின்றன. ஒரு சீட்டு, ஆசிரியர் பெயரைச் சொல்லிவிட்டு எதையும் செய்துகொள் என்கிறது. மற்றொன்று, வியாபாரம் செய்யாதே என்கிறது. வேறொன்று, நூலை மாற்றி வெளியிடாதே என்கிறது. இக்கடைசிச் சீட்டின்படி மொழிபெயர்ப்பும் மாற்றமே. அதாவது, தமிழரைப் பற்றிய நூலைத் தமிழில் பெயர்த்து வெளியிடத் தனியாக அனுமதி கேட்கவேண்டும். பிழையான பெயர்ப்பால் தம் கருத்துத் திரிந்துவிடுமோ என்று ஆசிரியர்கள் அஞ்சுவதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், ஆங்கிலம் அறியாத பாட்டாளிக்கு விலையில்லா ஆங்கில நூலும் விலையுள்ள ஆங்கில நூலும் ஒன்றே. அவனளவில் ஒரு நூல் திறப்பது அது தமிழாகும் அன்றுதான்.

மூன்றாவது உருவம். பிரான்சு தேசத்து 'ஓபன் எடிஷன்' தளத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தின் நூல்களும் இருக்கின்றன. அத்தளத்தின் வழக்கப்படி பல நூல்களைத் திரையிற் படிப்பது இலவசம். இறக்கி வைத்துக்கொள்ளும் கோப்போ சந்தா கட்டிய நூல்நிலையத்தாருக்கு. சர்வகலாசாலை விடுதியில் இருப்பவர்க்கு இது குறையாகத் தோன்றாது. அலைவரிசை வருவதும் போவதுமாயிருக்கும் செம்பனைக் காட்டின் நடுவே கைப்பேசியில் படிக்க முயல்பவர்க்கு, இறக்கி வைத்துக்கொள்ள முடியாத நூல் பாதி நூலே.

இந்த மூன்று கேள்விகளையும் தமிழ் முயற்சிகளிடமும் கேட்போம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தமிழர் சம்பளமின்றித் தட்டெழுதி, பிழை திருத்தி, பழந்தமிழ் நூல்களை எவரும் இறக்கிக்கொள்ளக் கொடுத்தது. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம், 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதைக் கண்ட மக்களின் வைராக்கியத்தோடு ஈழத்து ஏடுகளையும் நூல்களையும் படமெடுத்துக் காக்கிறது. சிங்கப்பூரில் ஐம்பதாண்டு இலக்கிய நூல்கள் தேசிய நூலக வாரியத்தின் துணையுடன் 2015-இல் மின்வடிவம் பெற்றன. செலவிலும் உருவத்திலும் இவை மேல்நாட்டாருக்கு இளைத்தவை அல்ல. ஆனால் இவை செய்த பெரும்பணி அச்சில் வந்ததைக் காப்பது. புதிய ஆராய்ச்சியை எழுதுவித்து, அறிஞரிடம் காட்டிச் சோதித்து, திருத்தி, தமிழிலேயே திறந்து வெளியிடும் வேலை வேறு. இலவச நூல் என்றால் தரமற்றது என்ற எண்ணம் தவறு. மேலே கூறிய கேம்பிரிட்ஜ், லண்டன் பிரசுராலயங்கள் துறையறிஞர் சோதித்த பின்பே நூலை ஏற்கின்றன. அத்தகைய சோதனையோடு கூடிய தமிழ்த் திறந்த பதிப்பே நமக்கு அவசரத் தேவை.

நெகிரி செம்பிலானில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீட்டு மனைகளாயின, லயங்கள் மறைந்தன. நீலாய் வட்டாரத்தில் இன்று சர்வகலாசாலைகள் நிற்கின்றன. பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் நினைவு அவர்களோடு மறையுமுன் எழுதப்படவேண்டும். எழுதப்பட்டது அவர்கள் பேரர்க்குக் கிட்டவேண்டும்.

ஆகவே நாம் கூறும் யோசனை இது. இனி எந்த ஆராய்ச்சியாளர் தோட்டத்துக்கு வந்து கேள்வி கேட்டாலும், நம்மவர் அன்போடு விடை சொல்லட்டும். சொல்லுமுன் தாமும் ஒன்று கேட்கட்டும்: 'ஐயா, இது புத்தகமானால் எங்களுக்கு விலையின்றிக் கிடைக்குமா? தமிழில் போட்டுக்கொள்ள உரிமை தருவீர்களா?' எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நலம். ஒரு வெள்ளி கொடுத்து நூல்நிலையம் கட்டிய மக்களின் பிள்ளைகள் இவ்வளவு கேட்பது அதிகமாகாது.