மௌனமும் சூழ்ச்சியும்: இர்பான் கானின் ஒரு பாத்திரம்

கீழைத்தேய நடிகனொருவன் மேலைத்தேயத் திரைக்கு அழைக்கப்படும்போது அவனுக்கெனச் சில வேடங்கள் முன்னரே தைத்து வைக்கப்பட்டிருக்கும். பொலிஸ் அதிகாரி, ஞானி, பயங்கரவாதி, கண்டிப்பான தந்தை என்பன அவற்றுட் சில. அளவு பொருந்தாவிடினும் அணிந்தேயாக வேண்டும். இர்பான் கானும் அவற்றை அணிந்தவரே. ‘ஸ்லம்டோக் மில்லியனெயர்’ (2008) படத்தின் பொலிஸ் அதிகாரியை மேலைநாட்டு இரசிகர் பலர் நினைவில் வைத்திருப்பர். ஆயின் 2010 இல் அமெரிக்க எச்.பி.ஓ. நிறுவனம் ஒளிபரப்பிய ‘இன் ட்ரீற்மென்ற்’ தொடரின் மூன்றாம் பருவத்தில் அவர் ஏற்ற சுனில் என்னும் பாத்திரம் வேறு வகையினது. தைத்துக் கொடுக்கப்பட்ட வேடத்தையே அணிந்து, தைத்தவரை ஏமாற்றும் பாத்திரம் அது.

இராஜஸ்தானிற் பிறந்து, 1984 இல் டில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியிற் சேர்ந்த இர்பானுக்குத் திரைப்பட வாயில் எளிதிற் திறக்கவில்லை. மீரா நாயரின் ‘சலாம் பொம்பே’ (1988) படத்தில் அவருக்கெனக் கருதப்பட்ட பெரிய பாத்திரம் கைநழுவியது. எஞ்சியது, பிறருக்காகக் கடிதம் எழுதிக் கொடுப்பவனாகத் தோன்றும் சிறு காட்சி. அதன் பின்னர் ஏறத்தாழ ஒரு தசாப்தம் ‘சாணக்கியா’, ‘சந்திரகாந்தா’ முதலான தொலைக்காட்சித் தொடர்களே அவருக்குச் சோறிட்டன. தொலைக்காட்சியை நடிப்புக் கலையின் புறக்கடையாகக் கருதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். அசிப் கபாடியாவின் ‘தி வொரியர்’ (2001) அவரை மீட்டது. அப்படத்திற் கதாநாயகனுக்கு வசனம் மிகச் சொற்பம்; முகமும் நடையுமே கதை சொல்கின்றன. ‘மக்பூல்’ (2003) ஷேக்ஸ்பியரின் மக்பெத்தை மும்பைப் பாதாள உலகிற் குடியேற்றியது. அங்கும் குற்றத்தின் சுமை அவரது கண்களிலேயே வெளிப்பட்டது. ‘தி நேம்சேக்’ (2006) படத்தில் அமெரிக்காவிற் குடியேறிய வங்காளப் பேராசிரியராக அவர் தோன்றினார். சொல்லாமல் விடுவதே இவற்றுக்கெல்லாம் பொதுவான நடிப்பு முறை எனலாம்.

‘இன் ட்ரீற்மென்ற்’ இதற்கு நேர்மாறான வடிவம் கொண்டது. ‘பெதிபூல்’ என்னும் இஸ்ரேலியத் தொடரிலிருந்து பிறந்த அத்தொடரில், ஏறத்தாழ அரைமணி நேரம் இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசுவதே நிகழ்ச்சி. ஒருவர் உளச்சிகிச்சையாளர் போல் வெஸ்ரன் (கேபிரியல் பேர்ண்). மற்றவர் அவரிடம் வருபவர். ஓட்டமில்லை, பாட்டில்லை, நிலக்காட்சியில்லை. முதலிரு பருவங்களுக்கு இஸ்ரேலிய மூலம் இருந்தது. மூன்றாம் பருவத்தின் கதைகள் புதிதாக எழுதப்பட்டவை. மௌனத்தால் வளர்ந்த நடிகன் இங்கு பேசிப் பேசியே வாழவேண்டியவனானான். நாற்பத்து மூன்று வயதில், ஐம்பதைக் கடந்த மனிதனாகவும் மாறவேண்டியிருந்தது.

சுனில் கல்கத்தாவில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். மனைவி கமலா இறந்தபின் மகன் அருணுடனும் அமெரிக்க மருமகள் ஜூலியாவுடனும் நியூயோர்க்கின் புறூக்ளினில் வாழ வந்தவர். முதற் சந்திப்புக்கு அவரை அழைத்து வருவோர் மகனும் மருமகளுமே. அவரோ நெடுநேரம் வாய் திறவார். திறந்தாலும் மகனிடம் வங்காள மொழியிலேயே பேசுவார். தனித்து விடப்பட்ட பின்னரே அவரது செம்மையான ஆங்கிலம் வெளிப்படுகின்றது. தொடரின் முழுச் சூத்திரமும் இவ்விடத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. மொழி தெரியாதவன் என எண்ணப்பட்டவன் மொழியைத் தன் கைக்குள் வைத்திருந்தான் என்பதை முதற் பார்வையில் உணர்வோர் சிலரே.

வாரந்தோறும் மருமகளைப் பற்றிய அவரது பேச்சிற் கசப்பு ஏறுகின்றது. அவளது உடை, அவளது சிரிப்பு, அவளது நடத்தை பற்றிய ஐயம் என ஒவ்வொன்றாக வருகின்றன. இளமையிற் தான் நேசித்த மாலினியின் தற்கொலையும் சொல்லப்படுகின்றது. கேட்டுக்கொண்டிருக்கும் சிகிச்சையாளர் இவற்றைக் கோத்து ஒரு முடிவுக்கு வருகிறார்: இம்மனிதனால் அவ்விளம்பெண்ணுக்கு ஆபத்து. எச்சரிக்கை போகின்றது, பொலிஸார் வருகின்றனர், சுனில் தடுப்புக் காவலுக்குள்ளாகிறார். இறுதிச் சந்திப்பிலேயே உண்மை துலங்குகின்றது. ஊர் திரும்புவதற்கு வேறு வழி காணாத அவர், அந்த அச்சத்தைத் தாமே திட்டமிட்டு விதைத்திருந்தார்.

தொடரை மீளப் பார்க்கும்போதே இர்பானின் சாதனை புலனாகும். முன்னர் வன்மமாகத் தோன்றிய அதே இடைநிறுத்தங்கள் இப்போது கணக்காகத் தோன்றுகின்றன. ஆயினும் முற்றுங் கணக்கல்ல. மனைவியின் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்வதிற் பொய்யில்லை. உண்மையான துயரத்தைப் பொய்யான அச்சுறுத்தலுக்கு மூலதனமாக்கும் மனிதனை, எது எங்கே முடிகிறதெனக் காட்டாமலே நடித்துள்ளார். நடிப்பவனாக நடிப்பது பல நடிகருக்குக் கண்சிமிட்டலாக முடியும். இவரோ ஒருமுறையேனும் பார்வையாளனுக்குச் சைகை காட்டவில்லை. பேர்ணின் பொறுமையான செவிமடுப்பும் இதற்குத் துணை செய்தது. தான் மனம் விரிந்தவன் என நம்பும் ஒருவனது ஐயம், வெறுப்பின்றியே வளர்வதை அவரது முகம் காட்டுகின்றது. சுனிலின் சூழ்ச்சி பலித்தமைக்குக் காரணம் அவரது திறமை மாத்திரமன்று. கீழைத்தேய முதியவன் இத்தகையவன் என்ற எதிர்பார்ப்பு சிகிச்சையாளரிடம் முன்னரே இருந்தது, பார்வையாளரிடமும் இருந்தது.

இவ்வளவும் பாராட்டுக்குரியவை. ஆனால் எழுத்துப் பிரதியின் பெருங்குறை ஒன்றை மறைத்துவிடுதல் தகாது. நாடுகடத்தல் இங்கே நாடுகடத்தப்படுபவனின் விருப்பமாகிவிடுகின்றது. தன்னைத் துரத்தும்படி அவனே கேட்டுக்கொண்டான் என்றால், துரத்தும் அரசு கேள்விக்கு உள்ளாகாமலே தப்பிவிடுகின்றது. அமெரிக்கத் தடுப்பு நிலையங்களில் இருப்போர் வெளியேற்றத்தை விரும்பி அங்கு சென்றவர்களல்லர். தொடரின் தாராளவாதம் தனது ஐயத்திற்காகச் சற்று வெட்கப்படுகின்றது. சட்டத்தை நோக்கி அதன் பார்வை திரும்புவதேயில்லை. நான்கு சுவருக்குள் மனிதனின் அகத்தை மாத்திரம் ஆராயும் வடிவத்தின் எல்லை இதுவே போலும். மாலினியின் கதையும் தேவைக்கு மேற்பட்ட சுமை. தனிமையொன்றே போதுமாயிருந்த இடத்தில் எழுத்தாளர் மர்மத்தைத் தேடியுள்ளனர்.

மூன்றாண்டுகளின் பின் ரித்தேஷ் பத்ராவின் ‘தி லஞ்ச்பொக்ஸ்’ (2013) படத்தில் இர்பான் மீண்டும் மனைவியை இழந்த மனிதனாக வந்தார். ஓய்வு பெறும் தறுவாயிலுள்ள மும்பைக் கணக்காளர் சாஜன் பெர்னாண்டஸ், வழிதவறி வந்த சாப்பாட்டுப் பெட்டியூடாக முகமறியாப் பெண்ணொருத்திக்குக் கடிதம் எழுதுகிறார். அங்கும் அதே தளர்ந்த தோள்கள், அதே தாழ்ந்த குரல். அங்கு அவரைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. அவரும் எவரையும் அஞ்சவைக்க வேண்டியிருக்கவில்லை.