பி4 கப்பின் நொடிக்கணக்கு

பெயின்டின் பாகுநிலையை அளக்கப் பட்டறைகளில் முதலில் எடுப்பது பி4 கப்பைத்தான். அடியில் சுமார் 4 மி.மீ. துளையுள்ள உலோகக் கோப்பை அது. துளையை விரலால் அடைத்து விளிம்புவரை ஊற்றி, விரலை எடுத்ததும் ஸ்டாப்வாட்சை அமுக்குவார்கள். கம்பிபோல் விழும் தாரை முதன்முதலில் அறுபடும் கணத்தில் நிறுத்துவார்கள். 30 டிகிரி செல்சியஸில் இத்தனை நொடி என்று பதிவாகும். மின்சாரம் வேண்டாம், கழுவித் துடைத்தால் அடுத்த தொகுதிக்குத் தயார். ஒரே பெயின்டில் தின்னர் கூடியதா குறைந்ததா என்று பார்க்க இதைவிட வாட்டமான கருவி இல்லை. பழசு என்று இதை ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்த நொடியே பாகுநிலை ஆகிவிடாது. திரவம் தன் எடையால் வடிவதால் அடர்த்தியும் கணக்கில் கலக்கிறது. துளை ஓரத்தில் காய்ந்து அதைக் குறுக்கும் பெயின்ட் இன்னும் மோசம். நீண்ட மெல்லிய குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது புவாசேய் கண்ட விதி. அங்கே ஆரம் 2 சதவீதம் குறைந்தாலே நேரம் 8 சதவீதம் கூடும். கோப்பையின் துளை குட்டையானது என்பதால் விதி அப்படியே பொருந்தாது, ஆனாலும் எச்சரிக்கை பொருந்தும்.

இவையெல்லாம் கவனத்தால் சரிசெய்யக்கூடியவை. பெயின்டின் இயல்போ அப்படியல்ல. சாதாரண மசகு எண்ணெயை மெதுவாகக் கிளறினாலும் வேகமாகக் கிளறினாலும் பாகுநிலை ஏறத்தாழ ஒன்றுதான். பெயின்ட் வேகமாகக் கிளறக் கிளற இளகும், விட்டால் மெல்ல இறுகும். டப்பாவில் நிறமி அடியில் படியாமல் இருக்க அது கெட்டியாக நிற்க வேண்டும். ஸ்பிரே கன்னில் இளகிப் பாய வேண்டும். கதவில் பட்டதும் வழியாமல் பிடிக்க வேண்டும். மூன்று நிலைக்கும் மூன்று பாகுநிலை. கோப்பை தருவது ஒரே எண். அதனால் கோப்பையில் ஒரே நொடிக்கணக்கில் வடியும் இரண்டு பெயின்ட்களில் ஒன்று கதவில் நிற்கலாம், மற்றது வழியலாம்.

திரவத்தில் தண்டை வெவ்வேறு வேகத்தில் சுழற்றி அளக்கும் சுழல் பாகுமானி இந்த வேறுபாட்டைப் பிடித்துவிடும். அதற்கும் குறை உண்டு: சாதாரணத் தண்டை அகலமான பாத்திரத்தில் சுழற்றினால் திரவ அடுக்குகள் நழுவும் வேகம் இன்னதென்று துல்லியமாகத் தெரியாது. கூம்பும் தட்டும் கொண்ட வகையில் அது தெரியும், ஆனால் குறுகிய இடைவெளியில் பெரிய நிறமித் துகள் சிக்கினால் அளவே கெடும்.

அன்றாடத் தொகுதிச் சோதனைக்குக் கோப்பை போதும். கலவை மாறும்போதோ புதிய மூலப்பொருள் வரும்போதோ கோப்பை மட்டும் தரும் தேர்ச்சியை ஏற்கக் கூடாது; மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று என இரண்டு சுழற்சியிலாவது அளந்த எண்கள் அறிக்கையில் இருக்க வேண்டும்.