சுவரைத் தாண்டாத கிட்டார்

இரவு பத்து மணிக்குக் கம்பத்தில் எங்கள் தெரு அடங்கிவிடும். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அந்த வீட்டு அக்கா விடியும் முன்னே திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டும். எனக்கோ கிட்டாரைத் தொட அந்த நேரம்தான் கிடைக்கும். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இருக்கும் மாவட்டம் இது. கிட்டார் ஆசைக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஆம்ப் வேண்டும். அதைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால்தான் ஒலிக்கு உயிர் வரும், ஏற்றினால் தெருவே எழுந்துவிடும்.

ஆம்ப்பே இல்லாமல் பதிவு செய்ய நான் வைத்திருப்பது மூன்று: ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மூன்றாம் தலைமுறை இன்டர்ஃபேஸ், ரீப்பர் மென்பொருள், நியூரல் ஆம்ப் மாடலர் என்ற பிளக்இன். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிளக்இன் முழுக்க இலவசம். நிஜ ஆம்ப்பின் நடத்தையைக் கற்றுக்கொண்ட கோப்பை அதில் ஏற்றி வாசிக்கிறோம்.

கிட்டார் ஒயரைச் செருகியதும் 'இன்ஸ்ட்' பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். மறந்தால் பிக்அப்பின் துல்லியம் மங்கிவிடும். பலமாக அடித்தாலும் கெய்ன் குமிழைச் சுற்றிய வளையம் பச்சையிலேயே நிற்க வேண்டும், சிவப்பைத் தொடக்கூடாது. மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே இருந்தால் போதும்.

முதல் நாள் எனக்குக் கேட்டது தகரத்தை ஆணியால் கீறும் சத்தம். காரணம், ஆம்ப்பின் கோப்பு இருந்தது, ஸ்பீக்கர் பெட்டி இல்லை. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கூர்மையை வெட்டிவிடும். அந்த வேலையைச் செய்வது ஐ.ஆர். என்ற சின்னக் கோப்பு. அதைப் பிளக்இன்னிலேயே ஏற்றலாம். ஏற்றிய நொடியில் தகரம் போய் மரப்பெட்டியின் கனம் வந்தது. உங்கள் நேரத்தை நல்ல ஐ.ஆர். தேடுவதில் செலவிடுங்கள்.

அடுத்தது காது. சத்தம் குறைந்தால் அடித்தொனி காதுக்கு மெலிந்து கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டிய உண்மை இது. இரவு ஹெட்போனில் மெதுவாகக் கேட்டபடி பேஸை ஏற்றினேன். காலையில் ஸ்பீக்கரில் கேட்டால் எல்லாம் கொழகொழவென்று இருந்தது. இப்போதெல்லாம் பிடித்த பாட்டு ஒன்றை அதே சத்தத்தில் ஓடவிட்டு ஒப்பிட்டே குமிழைத் தொடுகிறேன். ஆறாம் கம்பியின் சுருதி 82 ஹெர்ட்ஸ்; அதனால் 80க்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுகிறேன்.

கம்பியை மீட்டுவதற்கும் ஹெட்போனில் கேட்பதற்கும் இடையே வரும் தாமதத்தையும் கவனிக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 1024 என்றால் ஒரு பக்கத்துக்கே 21 மில்லிசெகண்ட், விரல் தடுமாறும். 128 என்றால் 2.7தான். போய்வரும் மொத்தத் தாமதம் 10 ஆனாலும், ஆம்ப்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம்.

எங்களுடையது பழைய வயரிங் வீடு. சிங்கிள் காயில் பிக்அப் டியூப்லைட்டின் இரைச்சலை அப்படியே இழுத்தது. விளக்கை அணைத்தேன், லேப்டாப் சார்ஜரைக் கழற்றினேன், நாற்காலியோடு கால்வட்டம் திரும்பி உட்கார்ந்தேன். இரைச்சல் வெகுவாக அடங்கியது.

குறை ஒன்று உண்டு. ஆம்ப் கோப்பு பெரும்பாலும் ஒரே குமிழ் அமைப்பின் பிரதி. வேறு கெய்ன் வேண்டுமென்றால் வேறு கோப்பு தேட வேண்டும். மேடையில் வாசிப்பவருக்கு ஆம்ப் வேறு வேண்டும். வீட்டில் பதிவு செய்பவருக்கு இது தாராளமாகப் போதும் என்று தைரியமாகச் சொல்வேன்.

ஒருநாள் அக்காவிடமே கேட்டேன். "ராத்திரி தொந்தரவா இருந்துச்சாக்கா?"

"டக்கு டக்குன்னு கம்பி மட்டும் லேசா கேட்டுச்சு. நல்லாத் தூங்கிட்டேன்ப்பா."

அன்றிரவு நாற்காலியைச் சுவரிலிருந்து நான்கடி தள்ளிப் போட்டேன்.