‘வெட்டு’: சிறுகாயமும் மெய்ப்பாட்டு மாற்றமும்

வெங்காயம் அரியுங்கால் கட்டைவிரல் நுனி அரிபடுதல் அடுக்களையில் எவர்க்கும் நேரக்கூடிய சிறு நிகழ்ச்சியாகும். இதனைப் பாடுபொருளாகக் கொண்டு அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் 1962 அக்டோபரில் இயற்றிய ‘வெட்டு’ என்னும் பாடல், அவர் மறைவுக்குப்பின் 1965இல் வெளிவந்த ‘ஏரியல்’ தொகுதியில் இடம்பெற்றது. நான்கடிச் செய்யுள் பத்துக் கொண்ட இப்பாடலில் உவமங்கள் ஒன்றையொன்று துரத்தி வருகின்றன. மேலோட்டமாக நோக்குவார்க்கு அவை தொடர்பற்ற குவியலாகத் தோன்றலாம். கவிஞர் 1963 பிப்ரவரியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டமை கருதி, அம்முடிவின் முன்னறிவிப்பாகவே பாடலைக் கொள்வதும் எளிது. இவ்விரு நோக்கும் பொருந்தா என்பதே எம் கருத்து. உவமங்களின் வைப்புமுறையிலேயே பாடலின் பொருள் அமைந்துள்ளது.

பாடல் துன்பத்தோடன்றிக் களிப்போடு தொடங்குகின்றது. இக்களிப்பு உவகையாகுமோ எனின், தொல்காப்பியர் உவகைக்கு நிலைக்களமாகக் கூறும் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பவற்றுள் ஒன்றும் இங்கு இயல்பாகப் பொருந்தவில்லை. மருட்கைக்குரிய நான்கனுள் புதுமையும் சிறுமையும் உள. தோல் தொப்பிபோல் மடிந்து தொங்க, வெளுத்த தசையினின்று செந்நிறம் பெருகுவதைத் தனக்குற்ற ஊறாகக் கருதாமல், கூற்று நிகழ்த்துபவள் வியந்து நோக்குகின்றாள். ஆதலின் தொடக்க மெய்ப்பாடு மருட்கையே.

இனி உவமங்களைக் காண்போம். முதற்கண் விரல், அமெரிக்காவில் 17ஆம் நூற்றாண்டில் குடியேறிய சமயப் பயணியாகின்றது. வெட்டு, அந்நிலத் தொல்குடியினரின் கோடரித் தாக்குதலாகின்றது. இங்குப் பகை புறத்தே நிற்கின்றது. அடுத்துக் குருதித்துளிகள் செஞ்சட்டைப் படைவீரராய் ஓடுகின்றன. அமெரிக்க விடுதலைப் போரில் (1775–1783) பொருத பிரித்தானியப் படையினரை அவ்வுடை நினைவூட்டும். அவ்வீரர் எவர் பக்கத்தார் என அவள் வினவுகின்றாள். இவ்வினாவே பாடலின் திருப்பம். குருதி உடலுக்கு உரியது. ஆயினும் உடலைவிட்டு ஓடுகின்றது. வினாவை அடுத்தே அவள் தன்னை நோயுற்றவளாகக் கூறி மருந்துண்கின்றாள். பின்னர் நாசவேலைக்காரனும், இரண்டாம் உலகப் போரின் இறுதியில் விமானத்தோடு மோதித் தன்னையே மாய்த்துக்கொண்ட சப்பானிய வீரனும் வருகின்றனர். முன்னவன் உள்ளிருந்து கெடுப்பவன். பின்னவன் தன் உடலையே படைக்கலமாக்கியவன். பகை இப்போது அகத்தே புகுந்துவிட்டது. காயத்தைக் காக்கும் வெண்துணிக் கட்டும், முகமறைத்துக் கொலைபுரிந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரின் முக்காடாகத் தோன்றுகின்றது.

விளியின் மாற்றமும் இதற்கு அரணாகின்றது. முதலில் சிறுவனை அழைப்பதுபோல் விரலைக் கனிவோடு விளித்தவள், இறுதியில் மண்டை துளைக்கப்பட்ட பழம்போர்வீரன் என்றும், அழுக்குற்ற சிறுமி என்றும் இகழ்ந்து, வெறுங்குறைவிரல் என முடிக்கின்றாள். பிணியும் வருத்தமும் பற்றிப் பிறக்கும் இளிவரல் இது.

ஆகவே, பகை புறத்தினின்று அகம் புகும் ஒழுங்கும், மருட்கை இளிவரலாகத் திரியும் ஒழுங்கும் ஒன்றே என்பது பெறப்படும். இத்தகைய பாடல்களை ஆராயப் புகும் மாணவர், கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பைத் தேடுமுன் உவமங்கள் நிற்கும் வரிசையை நோக்குவாராக.